மறுக்கும் கோப்பில் யார் கையெழுத்து?

அரசு அலுவலகத்தில் மனுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நிர்வாகத்தில் செயற்கை நுண்ணறிவு என்று யாராவது பேசத் தொடங்கினால், மனுவைத் தள்ளுபடி செய்து கையெழுத்துப் போடப்போவது யார் என்றுதான் முதலில் கேட்பேன்.

மனுக்களைத் துறைவாரியாகப் பிரிப்பது, ஒரே மனு மூன்று மேசைகளில் தனித்தனியாகச் சுற்றுவதைக் கண்டுபிடிப்பது, கத்தை கத்தையான இணைப்புகளிலிருந்து கோரிக்கையை நான்கு வரியில் எடுத்துத் தருவது, இதற்கெல்லாம் இயந்திரம் தாராளமாக வரட்டும். பிழை நேர்ந்தால் கோப்பு இருக்கை மாறிப் போகும். அது மனிதர்கள் இருக்கும்போதும் நடப்பதுதான்.

எனக்குப் பயம் அடுத்த படியில், யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கும் இடத்தில். ஆஸ்திரேலியாவில், அரசு உதவித்தொகையை அதிகமாக வாங்கிவிட்டார்கள் என்று கருதியவர்களிடம் அதைத் திருப்பி வசூலிக்க வந்து 'ரோபோடெட்' என்று பெயரெடுத்த திட்டத்தின் நடுவில் நுண்ணறிவு என்று சொல்ல எதுவும் இல்லை, பள்ளிக்கூட வகுத்தல் கணக்குதான் இருந்தது. அங்கே உதவித்தொகை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈட்டும் வருமானத்தைப் பொறுத்தது. வரித்துறையிடமிருந்த ஆண்டு வருமானத்தை எடுத்து அந்த வாரங்களுக்குச் சமமாகப் பங்கிட்டார்கள். ஆறு மாதம் உழைத்து 26,000 டாலர் ஈட்டியவர், மீதி ஆறு மாதம் வேலையின்றி உதவித்தொகை வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 26 இரு வாரங்கள் என்று வகுத்தால், வேலையே இல்லாத நாட்களிலும் இரு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்ததாகக் கணக்கு காட்டும். அது தவறு என்றால் பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடிக் கொண்டுவர வேண்டியது அவர் பொறுப்பு. கொண்டுவராவிட்டால் அந்தச் சராசரியை வைத்தே அவர் பெயரில் கடன் எழுதிவிடுவார்கள். சுமார் 4,70,000 கடன்களுக்காக 72.1 கோடி டாலரைத் திருப்பித் தருவதாக 2020இல் அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று.

நெதர்லாந்தில் நடந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பங்களில் மோசடி வாய்ப்பைக் கணிக்க, தானே கற்றுக்கொள்ளும் ஒரு முறையை வரித்துறை வைத்திருந்தது. டச்சுக் குடியுரிமை இல்லாதது அதில் ஓர் ஆபத்துக் குறி. ஆபத்து மதிப்பெண் ஏறிய கோப்பு அலுவலர் மேசைக்கு வரும். ஏன் ஏறியது என்று அவருக்குச் சொல்லப்படாது. சிறு பிழைக்கும் முழுத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொன்னதில் பல குடும்பங்கள் நொடித்துப்போயின. 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

அந்த அலுவலரை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே தோன்றுகிறது. மேலதிகாரி ஓரத்தில் பென்சிலால் 'கவனிக்க' என்று கிறுக்கிய கோப்பை நாங்கள் எப்படிப் படிப்போம்? குற்றம் தேடியே படிப்போம். முகவரியில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தால்கூட அன்றைக்கு அது சந்தேகத்துக்குரியதாகிவிடும். அதே பிழை அடுத்த கோப்பில் இருந்தால் பேனாவால் திருத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். ஆகவே 'கடைசியில் ஒரு மனிதர் பார்ப்பார்' என்ற உறுதிமொழி எனக்குப் போதாது. இயந்திரத்தின் மதிப்பெண்ணும் ஒரு பென்சில் குறிதான், அழிக்க முடியாத குறி.

அரசு முடிவுகளில் இயந்திரத்தைப் பயன்படுத்துவதற்குக் கனடா 2019இல் கொண்டுவந்த நெறிமுறை ஓரளவு தெளிவாக யோசித்திருக்கிறது. முடிவின் பாதிப்பை 4 நிலைகளாகப் பிரித்து, மேல் இரண்டு நிலைகளில் இறுதி முடிவை மனிதரே எடுக்க வேண்டும் என்கிறது. நல்லது. நானாக இருந்தால் வரிசையையும் சேர்த்தே மாற்றுவேன். அலுவலர் மதிப்பெண்ணைப் பார்க்காமல் கோப்பைப் படித்துத் தன் குறிப்பை எழுதட்டும். அதற்குப் பிறகு இயந்திரம் சொன்னதும் அதற்கான காரணமும் திறக்கட்டும். இரண்டும் முரண்பட்டால், ஏன் என்று ஒரு பத்தி எழுதிக் கையெழுத்திடட்டும். உதவி கிடைக்கும் என்ற முடிவுக்கு இத்தனை சடங்கு வேண்டாம், மறுக்கும் முடிவுக்கு மட்டும் போதும்.

நேரமாகும் என்பார்கள். ஆகட்டும். ஆனால் இதை மென்பொருள் வாங்கும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வாங்கிய பிறகு கேட்டால், 'கூடுதல் வசதி' என்று தனியாக பில் வரும்.