காலை 11.30-க்கே மாலை 4 மணி வரை டிக்

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி, பிசியோ, வீட்டோடு ஆள் வைத்துப் பார்த்தது எல்லாம் முடிந்து, வேறு வழியில்லாமல் கொங்குப் பக்கம் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். நான் இருப்பது பெங்களூரில், தம்பி துபாயில்.

சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை காலை 11 மணிக்கு, முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிவிட்டு. தரை பளிச்சென்று இருந்தது. பூஜை அறை, சின்னத் தோட்டம், வராண்டாவில் கேமரா. "எங்கம்மாவாட்டம் பாத்துக்குவோம், நீங்க கவலையில்லாமப் போங்க மேடம்" என்றார் மேனேஜர். அன்றே அட்வான்ஸ் கட்டினேன்.

ஆறு வாரம் தினமும் மாலை 5 மணிக்கு வீடியோ கால். அம்மா தலை வாரி, பூ வைத்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "முதுகுக்குக் கீழ எரியுது கண்ணு" என்றார். நர்ஸைக் கேட்டதற்கு, "வேர்க்குருங்க மேடம், பவுடர் போட்டிருக்கோம்" என்றார். நான் நம்பினேன். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை, யாரிடமும் சொல்லாமல் போய் நின்றேன். அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் துணியை விலக்கினால், வால் எலும்புக்கு மேலே தோல் உரிந்து நாலு சென்டிமீட்டருக்குப் படுக்கைப் புண். சுற்றிலும் அப்பிக் காய்ந்த பவுடர். கட்டில் கால்மாட்டில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததைக் குறிக்கும் சார்ட் தொங்கியது. அப்போது மணி 11.30. சார்ட்டில் மாலை 4 மணி வரைக்கும் ஒரே பேனாவில் டிக் போட்டு, ஒரே கையெழுத்து.

முதலில் அதைப் போட்டோ எடுத்தேன். அப்புறம்தான் கத்தினேன். அந்த வரிசை முக்கியம். கத்தியிருந்தால் சார்ட் காணாமல் போயிருக்கும்.

"ஏர் பெட் போட்டிருக்கோமுங்களே, திருப்ப வேண்டியதில்லைங்க. சுகர் இருக்கறவங்களுக்குப் புண்ணு வரத்தான் செய்யும்" என்றார் மேனேஜர். இதை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஏர் பெட் இருந்தாலும் திருப்பித்தான் ஆக வேண்டும். சுகர் இருந்தால் புண் ஆறத் தாமதமாகும், அதனாலேயே இன்னும் கவனமாகத் திருப்ப வேண்டும். புண் ஆவதற்கு முன் தோல் சிவக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்பச் சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேய்த்துவிடவும் கூடாது. போகும்போதெல்லாம் வால் எலும்பு, குதிகால், இடுப்பு மூன்றையும் பாருங்கள். மாநிறத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டுப் பார்த்தால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும்.

இன்னொன்று. தண்ணீர் டம்ளர் அம்மாவின் இடது பக்க ஸ்டூலில் இருந்தது. விழுந்துபோன கைப் பக்கம். ராத்திரி தாகம் எடுத்தால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருகிற பெண் ஒடிசாக்காரர். பாட்டி, சாப்பாடு, தூங்கு என்ற மூன்று வார்த்தைதான் அவருக்குத் தமிழில் தெரியும். அவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. ராத்திரி எத்தனை பேர் டியூட்டி என்று சைகையில் கேட்டேன். இரண்டு விரலைக் காட்டினார். அந்த மாடியில் 22 கட்டில்.

வெளியே கூட்டிவருவது தனிப் போராட்டம். கேஸ் ஷீட் காப்பி கேட்டால், "டாக்டர் கையெழுத்து வேணுங்க, அவர் வியாழக்கிழமை வருவார்." வியாழக்கிழமை விடுப்பு போட்டுத் திரும்பப் போனால் டாக்டர் வரவில்லை. மருந்துச் சீட்டை நானே போட்டோ எடுத்தேன். அதில் எங்கள் டாக்டர் எழுதாத தூக்க மாத்திரை ஒன்று இருந்தது. ஐந்து மணி வீடியோ காலில் அம்மா ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த இல்லத்துக்குப் பதிவு இருக்கிறதா என்று விசாரிக்க மாவட்ட சமூக நல அலுவலகத்துக்குத் திங்கட்கிழமை போய் ஒரு நாள் வீண். அன்று கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள், செக்‌ஷனில் ஆளே இல்லை. செவ்வாய்க்கிழமை பத்து நிமிஷத்தில் பதில் கிடைத்தது: பதிவு இருக்கிறது. ஆக, பதிவை மட்டும் வைத்து முடிவு பண்ண முடியாது. முதியோருக்கான 14567 உதவி எண்ணில் பேசியவர் பொறுமையாகக் கேட்டு, புகாரை எழுத்தில் கொடுக்கச் சொன்னார். சார்ட் போட்டோவோடு கொடுத்தேன். ஒரு மாச நோட்டீஸ் என்று பிடித்துவைத்திருந்த அட்வான்ஸ் 19-ஆம் நாள் முழுசாக வந்தது.

அடுத்த இல்லம் தேடும்போது நாலு இடத்துக்கும் ராத்திரி ஏழரைக்குப் போனேன், சொல்லாமல். இரண்டு இடத்தில் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள், அங்கேயே முடிந்தது. மூன்றாவது இடத்தில் படுத்தவாக்கிலேயே ஒரு பெரியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கவாதம் வந்தவருக்கு அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக்கூடும். நிற்காமல் திரும்பினேன்.

நாலாவது இடத்தில், "இப்போ இங்கே எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கு?" என்று கேட்டேன். "ஒருத்தருக்கும் இல்லீங்க" என்று உடனே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அங்கிருந்த நர்ஸ் அக்கா நோட்டைப் புரட்டி, "மூணு பேருங்க. ரெண்டு பேர் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே இருந்தது, ஒண்ணு இங்க வந்தது. அது எங்க தப்புதான்" என்றார். ஒவ்வொரு புண்ணுக்கும் வாராவாரம் அளவு எழுதியிருந்தது. மாசாமாசம் எடை எடுத்ததும் இருந்தது. அங்கேதான் சேர்த்தேன். மாசம் ஐயாயிரம் கூடுதல், தம்பி பார்த்துக்கொள்கிறான்.

நேற்று அந்த அக்கா அனுப்பிய அளவு ஒன்றரை சென்டிமீட்டர். தண்ணீர் டம்ளர் வலது பக்கம் இருக்கிறது.