ரோமப் படையின் இரும்புப் பட்டறை: தேர்வுக்குப் படித்த விதம்

தொல்லியல் முதுகலையில் இந்தப் பாடம் வந்தால் பெரும்பாலோர் வாள், ஈட்டி, கவசம் என்று ஆயுதப் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் அவை பாதிப் பக்கத்தோடு தீர்ந்துவிடும். நான் ஆணியிலிருந்து தொடங்கினேன்.

ஸ்காட்லாந்தின் இஞ்ச்டுதில் கோட்டையை ரோமர்கள் கி.பி. 83 வாக்கில் கட்டத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே கைவிட்டார்கள். கிளம்பும்போது பட்டறைத் தரையில் குழி தோண்டி எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஆணிகளைப் புதைத்தார்கள். விரல் நீளம் முதல் ஓர் அடிக்கு மேல் வரை எல்லா அளவிலும் உண்டு. எதிரி கையில் கிடைத்தால் ஆயுதமாகிவிடும் என்ற பயம்தான் காரணம் என்பது பலரின் விளக்கம். மேலே இருந்தவை துருப்பிடித்து ஓடுபோல் இறுகியதால் உள்ளே இருந்தவை தப்பின. இரும்பின் மதிப்பு, கோட்டைக்குள் பட்டறை, உற்பத்தியின் அளவு மூன்றையும் இந்த ஒரு குழியைக் கொண்டே எழுதலாம்.

அப்புறம் உலை. அன்றைய ரோம உலையில் இரும்பு உருகி ஓடாது. கசடு கலந்த பஞ்சுபோன்ற கட்டியாகத்தான் வரும். அதைச் சூடாக்கி அடித்து அடித்துக் கசடை வெளியேற்ற வேண்டும். இதற்கு ஒரு படம் வரைந்து பழகுங்கள், கரி எவ்வளவு தேவைப்படும் என்பது தானாகப் புரியும்.

ஆட்களைப் பற்றி எழுதும்போது கவனம். வட இங்கிலாந்தில் இருந்த விண்டோலாண்டா ரோமக் கோட்டையில் கிடைத்த, மையால் எழுதிய மரப்பலகை ஒன்று, ஒரு நாளில் பட்டறைகளில் 343 பேர் இருந்ததாகச் சொல்கிறது. அத்தனை பேரும் கொல்லர்கள் என்று எழுதிவிடாதீர்கள். அதில் 12 பேர் செருப்புத் தைப்பவர்கள், 18 பேர் குளியல் கூடம் கட்டப் போனவர்கள். படையில் இருந்த கொல்லர்களும் படைவீரர்களே, வழக்கமான வேலைகளிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். ரோமப் படை பற்றி நூல் எழுதிய வெஜீஷியஸை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவர் காலத்தால் மிகப் பிந்தியவர், முதல் நூற்றாண்டுக்கு அவரை மட்டும் சாட்சியாக வைத்தால் மதிப்பெண் போகும்.

நேரம் குறைவு என்றால் கவச வகைகளை விட்டுவிடுங்கள். 4-ஆம் நூற்றாண்டின் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளை விடாதீர்கள். அங்கே வேலை செய்தவர்கள் தப்பி ஓடாமலிருக்கக் கையில் அடையாளக் குறி இட 398-இல் சட்டமே வந்தது. கோட்டைப் பட்டறையோடு இதை ஒப்பிட்டால் பெரிய கேள்விக்கு விடை தயார்.