அறைக்கு எங்கள் மேல் நம்பிக்கை இல்லை

பெரிய நகரத்து நட்சத்திர ஓட்டல் ஒன்றில் நானும் மனைவியும் தங்கிவிட்டு வந்தோம். கட்டணம் எவ்வளவு என்று எழுதப் போவதில்லை. எழுதினால் மறுபடி வயிறு எரியும்.

முன்பதிவு செய்யும்போது ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் மின்னியது. அதையெல்லாம் யார் கொடுக்கிறார்கள் என்று திரும்பி வந்த பிறகு கோபத்தில் தேடிப் படித்தேன். உலகம் முழுவதுக்கும் பொதுவான நட்சத்திரக் கணக்கு என்று ஒன்று கிடையாது. நாட்டுக்கு நாடு பட்டியல் மாறும். சில இடங்களில் அரசு கொடுக்கிறது, சில இடங்களில் ஓட்டல்காரர்கள் சங்கமே கொடுத்துக்கொள்கிறது. அதுவும் பொதுவாக ஐந்தோடு நின்றுவிடும். அந்த ‘ஏழு நட்சத்திரம்’, துபாயில் 1999-ல் புர்ஜ் அல் அரப் திறந்த சமயத்தில் பத்திரிகைகள் வழியாக வந்து ஒட்டிக்கொண்ட பட்டம்தான். சரி, இந்தப் பட்டியல்களில் என்ன கேட்கிறார்கள்? லிஃப்ட் இருக்கிறதா, வரவேற்பில் ராத்திரியிலும் ஆள் இருக்கிறாரா, அறை எவ்வளவு பெரியது. சுவிட்சைத் தட்டினால் விளக்கு அணையுமா என்று ஒருத்தரும் கேட்பதாகத் தெரியவில்லை.

வரவேற்பில் எல்லோரும் புன்னகைத்தார்கள். புன்னகைத்தபடியே என் கிரெடிட் கார்டை வாங்கி, அறை வாடகைக்கு மேல் ஒரு தொகையை நிறுத்தி வைத்தார்கள். “பணம் எடுக்கலை சார், ஹோல்டு மட்டும்தான். செக்-அவுட் பண்ணினதும் ரிலீஸ் ஆயிடும்” என்றார் அந்தப் பெண். ஓட்டல் விடுவித்தாலும் வங்கி அதை விடுவிக்கச் சில நாள் ஆகும் என்பதைப் புன்னகையோடு விட்டுவிட்டார். அதுவரை அந்தப் பணம் எங்களிடமும் இல்லை, அவர்களிடமும் இல்லை. திரிசங்கு சொர்க்கம்.

அறை பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதில் பொய் சொல்லக் கூடாது. ‘சிட்டி வியூ’ என்று போட்டிருந்தார்கள். திரையைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் அலுவலகம், கை நீட்டினால் தொடும் தூரத்தில். அங்கே ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்துவிட்டு, வழக்கமாக வருகிற விருந்தாளிகளைப் பார்ப்பது போல் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். இவரும் நகரத்தின் ஒரு பகுதிதானே, எதை வைத்துப் புகார் சொல்வது?

படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் முழுக் கண்ணாடிச் சுவர். அறை பெரிதாகத் தெரியவும், குளியலறைக்குள் வெளிச்சம் போகவும் இப்படிக் கட்டுகிறார்களாம். மறைக்க ஒரு திரை உண்டு. அதன் சுவிட்ச் கட்டில் தலைமாட்டில். அதாவது உள்ளே இருப்பவர் மானம் வெளியே இருப்பவர் கையில்.

“ஏங்க, திரையை இறக்குங்க” என்று உள்ளிருந்து குரல் வந்தது. தலைமாட்டில் வரிசையாக எழுத்தே இல்லாத கண்ணாடிப் பொத்தான்கள். ஒன்றைத் தொட்டேன், டிவி ஓடியது. இன்னொன்றைத் தொட்டேன், ஜன்னல் திரை திறந்தது. எதிர் அலுவலகக்காரர் கண்ணியமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனுஷன்.

ஷவரில் வெந்நீர் வரவில்லை, வெதுவெதுப்பாகத்தான் வந்தது. இதற்கு ஒரு ரகசியம் உண்டு. அந்த வகைக் குழாய்களில் சூடு 38 டிகிரியைத் தொட்டதும் திருகு நின்றுவிடும். குழந்தைகள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க ஏற்பாடு. அதற்கு மேல் வேண்டுமென்றால் திருகின் மேலேயே இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். கழிப்பறைக் காகிதத்தின் நுனியை முக்கோணமாக மடித்து வைக்க ஆள் போட்டிருக்கிறார்கள். இந்தப் பொத்தானைப் பற்றி ஒரு வரி எழுதி ஒட்ட ஆள் இல்லை.

இனிமேல்தான் ஏசி.

படுத்து நன்றாகக் கண் அசந்த நேரம், வியர்த்து விழித்தேன். ஏசி நின்றிருந்தது. எழுந்து போய் ரிமோட்டைத் தேடினேன். நான் நடந்ததுமே ஏசி ‘உஸ்ஸ்’ என்று ஓட ஆரம்பித்தது. சரி என்று படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிசப்தம், மறுபடி வியர்வை. கையை உயர்த்தி ஆட்டினேன். ஓடியது. மனைவி விழித்துப் பார்த்தபோது, இருட்டில் நான் மல்லாந்து படுத்தபடி கூரையைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தேன்.

“யாருக்கு டாட்டா காட்டறீங்க?”

“ஏசிக்கு.”

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தானே ஃபோனை எடுத்து வரவேற்புக்குச் சொன்னாள்.

கருவிப் பெட்டியோடு ஒரு தம்பி வந்தார். வயது இருபத்தைந்துக்குள் இருக்கும், அந்த வேளையிலும் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஏசியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கூரை மூலையில் வெள்ளையாக ஒரு குமிழைக் காட்டினார். “சென்சார் சார். அறையில ஆள் நடமாட்டம் இருக்கான்னு பார்க்கும். இல்லேன்னா கரண்ட் மிச்சம் பண்ண ஏசியைக் குறைச்சிடும்.”

“ஆள்தான் இருக்கோமே தம்பி!”

“இருக்கீங்க சார். ஆனா அசையலை.” ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். “நீங்க அசையாம தூங்கறீங்க சார். நடுவுல கொஞ்சம் புரண்டு படுத்தா பிரச்சினை வராது.”

இவ்வளவு வருஷத்தில் என் தூக்கத்தைப் பற்றி மனைவி சொல்லியிருக்கும் குறைகள் ஏராளம். அசையாமல் தூங்குகிறேன் என்பது அதில் இல்லை. அவள் போர்வைக்குள் குலுங்கிச் சிரித்தாள். அந்தக் குலுக்கலுக்கே ஏசி வேகமெடுத்தது.

அந்தக் கருவி செய்வது எளிய வேலை. உடம்புச் சூடு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதை மட்டும் கவனிக்கும். போர்வைக்குள் சுருண்டு கிடப்பவனும் காலி மெத்தையும் அதற்கு ஒன்றுதான். விவரமான ஓட்டல்களில் கதவிலும் ஒரு சென்சார் வைத்து, ‘உள்ளே போன ஆள் இன்னும் வெளியே வரவில்லை’ என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். இங்கே அந்த இரண்டும் பேசிக்கொள்வதில்லை. சென்சாரை மட்டும் நிறுத்திவிட முடியாதா என்றேன். மேலதிகாரி அனுமதி வேண்டும், அவர் காலையில்தான் வருவார் என்றார் தம்பி. எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை. ராத்திரி முழுக்க மாடி மாடியாகப் போய், ‘புரண்டு படுங்க’ என்று சொல்வதே அவர் வேலையாக இருக்கலாம்.

புது இடத்தில் முதல் நாள் சரியாகத் தூக்கம் வராது என்பதும் பொய்யில்லை. அமெரிக்காவில் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். முதல் இரவு ஆழ்ந்த தூக்கத்தின்போது மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு அயர்வதில்லை, சின்னச் சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, பாதி மூளை விழித்திருந்தும் அந்தக் குமிழுக்கு நான் போதவில்லை.

மறுநாள் மேலதிகாரி வந்தார், வருத்தம் தெரிவித்தார், பழத்தட்டு ஒன்று அனுப்பினார். சென்சார் அப்படியே இருந்தது.

காலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சங்கிலியில் ரொட்டி ஊர்ந்து போகும் டோஸ்டர் அங்கேயும் இருந்தது. ஒரு தடவை போனால் வெள்ளை, இரண்டாம் தடவை போனால் கரி. எத்தனை நட்சத்திரம் போட்டாலும் அந்த இயந்திரம் மட்டும் மாறாது போல.

கிளம்பும்போது பில்லில் ‘மினிபார்’ என்று ஒரு வரி. இரண்டு பானம், ஒரு சாக்லேட். நாங்கள் அதில் ஒன்றையும் தொட்டுக் குடிக்கவில்லை, சாப்பிடவில்லை. மனைவியின் கண் மருந்தைக் குளிரில் வைக்க இடம் பண்ணினோம், அவ்வளவுதான். 1974-ல் ஹாங்காங் ஹில்டன் அறைதோறும் இந்தக் குட்டி ஃபிரிட்ஜை வைத்து, பான விற்பனை எங்கேயோ போனதிலிருந்து ஊர் உலகமெல்லாம் இது பரவிவிட்டது. அந்தக் காலத்தில் ஆள் வந்து பாட்டிலை எண்ணிப் பார்ப்பார். இப்போது ஒவ்வொரு பொருளுக்கு அடியிலும் சென்சார். எடுத்துச் சில நொடியில் திரும்ப வைக்காவிட்டால் விற்றதாகக் கணக்கு.

“மினிபார்ல எதையாவது எடுத்துப் பார்த்தீங்களா மேடம்?” என்று கேட்டார் வரவேற்புப் பெண்.

“பார்த்தோம்மா. விலையைப் பார்த்துட்டு வெச்சுட்டோம்.”

அந்தப் பெண் முதல் தடவையாக நிஜமாகச் சிரித்தார். “எல்லாரும் அதான் மேடம் சொல்றாங்க” என்று அந்த வரியை நீக்கிவிட்டு, பழக்கதோஷத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டார். “எங்ககூட தங்கினது எப்படி இருந்தது?”

மனைவி கைப்பையை மூடினாள். “நாங்க தங்கினோமான்னு முதல்ல உங்க ஏசிகிட்ட கேளும்மா. அது ஒத்துக்கிட்டா, எப்படி இருந்ததுன்னு நாங்க சொல்றோம்.”