அரிசி ஊறப் போட்ட பாட்டி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நான் அப்போது ஈரோடு பக்கம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். மூன்றாம் நாள் எங்கள் பிரிவிலிருந்து பதினான்கு பேர் லாரியில் ஏறினோம். திருத்துறைப்பூண்டி தாண்டியதும் வண்டியில் பேச்சே இல்லை. தென்னந்தோப்புகள் தரையோடு கிடந்தன. முதலில் அடித்த காற்றைத் தாங்கிய மரத்தையும், சற்று ஓய்ந்து எதிர்ப்பக்கமிருந்து திரும்பி அடித்த காற்று சாய்த்துவிட்டது என்றார்கள்.

டெல்டா முழுக்க விழுந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எங்கள் பங்குக்குக் கடலோரத்தில் சில சிற்றூர்கள். 8 மீட்டர் சிமென்ட் கம்பம் முந்நூறு கிலோவுக்கு மேல் எடை இருக்கும். சம்பா பயிர் நிற்கிற வயலுக்குள் லாரி போகாது, தோளில்தான் தூக்க வேண்டும். முழங்கால் சேற்றில் எட்டுப் பேர் ஒரே மூச்சில் அடியெடுத்து வைக்க வேண்டும், ஒருவர் வழுக்கினால் எட்டுப் பேருக்கும் ஆபத்து. கடலை நெருங்கினால் வேறு கஷ்டம். மணலில் நாலடி தோண்டுவதற்குள் தண்ணீர் ஊறிக் குழி சரிந்துவிடும். அந்தந்த ஊர் இளைஞர்கள் இறங்கித் தோள் கொடுக்காமல் இருந்திருந்தால் பாதி வேலைகூட நடந்திருக்காது.

கம்பிமேல் விழுந்த தென்னையை வெட்ட வேண்டும். ஆனால், கணக்கெடுப்பு முடிவதற்குள் மரத்தை அப்புறப்படுத்தினால் நிவாரணம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம் விவசாயிகளுக்கு. அது நியாயமான பயம். பிள்ளை மாதிரி வளர்த்தது போய்விட்டது, அது இருந்ததற்கான சாட்சியையும் எடுத்துவிடு என்றால் யார் சம்மதிப்பார்கள்? ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பில் எண் போட்டு, உரிமையாளரைப் பக்கத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்த பிறகுதான் அரிவாளைத் தொட்டோம். நேரம் பிடித்தது. ஆனாலும் அது வீண்வேலை என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

ஜெனரேட்டர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வாடகைக்கு எடுத்து வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டி நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மெயினை அணைக்காமல் அதை வீட்டு இணைப்பில் கொடுத்தால் மின்சாரம் திரும்பித் தெருக் கம்பிக்கு ஏறிவிடும். ஒரு சாயங்காலம், சப்ளையே இல்லாத ஊரில், கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடை மாட்டியதும் பொறி பறந்தது. எங்கள் லைன்மேன் முப்பது வருட அனுபவசாலி. எர்த் போடாமல் யாரையும் கம்பியில் கை வைக்க விடமாட்டார். அவருடைய அந்தப் பிடிவாதத்தால் அன்று ஓர் உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், அப்புறம் தெருக்கள் என்ற வரிசையில்தான் சப்ளை கொடுத்தோம். லைனின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்குக் கடைசியில்தான் வரும். அப்படி ஒரு கடைக்கோடியில் ஏழு வீடுகள். அங்கே ஒரு பாட்டி, "எப்ப தம்பி வரும்?" என்று கேட்டார். மறுநாள் கம்பம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில், "நாளைக்கு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டேன்.

கம்பம் வரவில்லை. நான்கு நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது பாட்டி கோபப்படவில்லை. "நீங்க சொன்னீங்கன்னு மாவாட்ட அரிசி ஊறப் போட்டேன் தம்பி. புளிச்சுப்போச்சு" என்று மட்டும் சொன்னார். பள்ளிக்கூடத்து முகாமில் வரிசையில் நின்று வாங்கிய அரிசி அது. இரண்டு படி இருக்கும். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி அவர் மாவாட்டப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை டீக்கடைச் சுவரில் கரியால் எழுதினேன்: 'மீதி 41 கம்பம். நேற்று நட்டது 5.' தினமும் அழித்து எழுதினோம். கம்பம் வராத நாளில் 'நேற்று 0' என்றும் எழுதினோம். அதைப் பார்த்தால் மறியலுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று கூட வந்தவர்கள் பயந்தார்கள். நடந்ததோ வேறு. ஜனங்கள் காலையில் சுவரைப் பார்த்துவிட்டு, இன்று எந்தப் பக்கம் குழி என்று கேட்டுக்கொண்டு மண்வெட்டியோடு வந்தார்கள். அதற்கு நடுவே கார்த்திகை தீபமும் வந்து போனது. ஓடு பறந்த வீடுகளின் திண்ணையில் அகல் எரிந்ததை, கம்பத்தின் உச்சியிலிருந்து எங்கள் ஆட்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வேறு வெளிச்சமே இல்லாத ஊரில் அந்தச் சுடர்கள் வெகுதூரத்துக்குத் தெரிந்தன.

புயல் அடித்து இருபத்திரண்டாம் நாள் மாலையில் அந்த ஏழு வீட்டுக்கும் சப்ளை கொடுத்தோம். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பாட்டி விளக்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ராத்திரி நிக்குமா தம்பி? அரிசி போடலாமா?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பப் போனேன். ஃபியூஸ், எர்த், மூன்று பேஸிலும் லோடு, எல்லாவற்றையும் இன்னொரு தடவை பார்த்தேன். லைன்மேனிடமும் கேட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது பாட்டி கையில் படியோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"போடுங்கம்மா" என்றேன்.