மீட்டர் ஜீரோ காட்டினால் டயரில் காற்றே இல்லையா?

பதினோராம் வகுப்புக்கு வாயு நிலைமை பாடம் எடுக்க எனக்கு மூன்று வாரம் ஆகும், அதில் இரண்டரை வாரம் கணக்கிலேயே போய்விடும். பாயில் விதிக்கு (வெப்பநிலை மாறாவிட்டால், அழுத்தம் குறையக் குறைய வாயுவின் கன அளவு கூடும்) நாலு, சார்லஸ் விதிக்கு (அழுத்தம் மாறாவிட்டால், சூடாக்கச் சூடாக்கக் கன அளவு கூடும்) நாலு, இரண்டையும் வாயுவின் அளவோடு சேர்த்துச் சொல்லும் பிவி = என்ஆர்டி-க்கு ஒரு ஏழெட்டு. பிள்ளைகளும் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு, விடைக்கு அடியில் இரண்டு கோடு இழுத்து, மார்க் வாங்கிவிடுவார்கள். அதனால் பாடம் புரிந்துவிட்டது என்றே பல வருஷம் நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவன் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன். அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார், லீவு நாளில் இவன்தான் டயர் கழற்றுவான்.

"டீச்சர், பஞ்சர் ஆன டயர்ல மீட்டர் வெச்சா ஜீரோ காட்டும். அழுத்தம் ஜீரோன்னா பாயில் விதிப்படி கன அளவு எங்கயோ போயிடணுமே? டயர் சப்பையாத்தானே கெடக்கு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், ஆனால் சட்டென்று பதில் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன், உட்காரு" என்றேன். (இந்த வாக்கியம் இல்லாவிட்டால் வாத்தியார் வேலையே பார்க்க முடியாது.)

விஷயம் சின்னதுதான். கடை மீட்டர், வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை மட்டுமே காட்டும். ஜீரோ என்றால் உள்ளேயும் வெளியேயும் ஒரே அழுத்தம், சுமார் 14.7 பிஎஸ்ஐ (டயர் மீட்டரில் இருக்கும் அழுத்த அலகு). மீட்டரில் 30 என்றால் உண்மையில் 44.7. அந்தக் காற்றை வெப்பநிலை மாறாமல் பாதி இடத்துக்குள் அமுக்கினால் மீட்டர் 60 காட்டாது, 75-ஐ ஒட்டிக் காட்டும். மறுநாள் இதைப் போர்டில் போட்டபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். ராபர்ட் பாயிலே 1662-இல் வெளியிட்ட அட்டவணையில் இந்தக் கூட்டல் இருக்கிறது. ஜே வடிவக் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி ஊற்றி, மூடிய பக்கத்தில் மாட்டிய காற்று எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தார். ஒவ்வொரு தடவையும் பாதரச உயரத்தோடு 29 அங்குலத்துக்குச் சற்று அதிகமான ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார், அதுதான் வெளிக்காற்றின் அழுத்தம். அதைச் சேர்க்காமல் விட்டிருந்தால் விதியே கிடைத்திருக்காது. நம் புத்தகத்தில் விதி இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, இந்தக் கூட்டலைப் பற்றி நான் இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதற்குப் பிறகுதான் கவனிக்க ஆரம்பித்தேன், பிள்ளைகள் இந்தப் பாடத்தில் தடுக்கி விழுகிற இடமெல்லாம் ஏதோ ஒரு பூஜ்யமாகவே இருக்கிறது. சூத்திரத்தை எடுத்துவிட்டு வாயாலேயே ஒரு கேள்வி கேட்டேன்: 20 டிகிரியில் 2 லிட்டர் இருக்கிற காற்றை, அழுத்தம் மாறாமல் 40 டிகிரிக்குச் சூடாக்கினால்? பாதிக்கு மேல் "4 லிட்டர்" என்றார்கள். சரியான விடை 2.14 லிட்டர், அதாவது கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. கணக்குப் போடும்போது டிகிரியோடு 273-ஐ ஏன் கூட்டுகிறோம் என்றால் "ஃபார்முலா டீச்சர்" என்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன, நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சரி என்று கிராஃப் தாளை எடுத்தோம். 0 டிகிரியில் 100 மில்லி, 27-இல் 110, 100-இல் 137. மூன்று புள்ளியையும் சேர்த்து ஸ்கேல் வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போகச் சொன்னேன். தாள் தீர்ந்துவிட்டது. இன்னொரு தாளை ஒட்டினார்கள், அதுவும் தீர்ந்தது. கடைசியில் பெஞ்சு மேலேயே சாக்பீஸால் கோடு போட்டு, கன அளவு பூஜ்யத்தைத் தொடுகிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, மைனஸ் 273-க்குப் பக்கத்தில் இருந்தோம். உண்மையில் அதுவரை எந்த வாயுவும் தாக்குப்பிடிக்காது, நடுவிலேயே திரவமாகிவிடும் என்பது வேறு கதை. ஆனால் வெப்பநிலையை அங்கிருந்துதான் எண்ண வேண்டும், தண்ணீர் உறைகிற இடத்திலிருந்து அல்ல என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பெஞ்சைத் துடைக்கச் சொல்லி மறந்துவிட்டேன், அடுத்த பீரியட் கணக்கு சாரிடம் திட்டு வாங்கினார்கள்.

மூன்றாவது பூஜ்யம்தான் ரொம்பப் பிடிவாதம். மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாமல் பத்து சிரிஞ்சு வாங்கி வந்து, வாயை விரலால் அடைத்து அமுக்கச் சொன்னேன். அமுக்குவதற்கு முன்னும் பின்னும் உள்ளே இருக்கும் மூலக்கூறுகளைப் புள்ளியாக வரையச் சொன்னேன். சிலர் எல்லாப் புள்ளியையும் நுனியில் கொண்டுபோய்த் திணித்திருந்தார்கள், சிலர் புள்ளியையே சின்னதாக்கிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் அழகாக, அதே எண்ணிக்கை, அதே அளவு, நெருக்கமாக வரைந்திருந்தாள். "புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டேன். "காத்து, டீச்சர்."

காற்றைத்தான் புள்ளியாக வரைந்திருக்கிறாள், அதற்கு நடுவிலும் காற்று! ஒன்றுமே இல்லாத இடம் என்பதை மனசு ஒப்புக்கொள்வதில்லை. அறைக் காற்றில் இரண்டு மூலக்கூறுக்கு நடுவே, மூலக்கூறின் அகலத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு தூரம் வெறும் வெற்றிடம் என்று சொன்னால் தலையை ஆட்டுவார்கள், படம் வரைந்தால் பழையபடி காற்றை நிரப்பிவிடுவார்கள்.

கொதிக்கிற தண்ணீரின் குமிழியிலும் இதே கதை. உள்ளே என்ன என்றால் காற்று என்பார்கள், நன்றாகப் படிக்கிறவர்கள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பார்கள், அது இன்னும் மோசம். இதற்கும் சிரிஞ்சுதான் கைகொடுத்தது. நன்றாகச் சுட்ட தண்ணீர், 80 டிகிரிக்கு மேல், கொஞ்சம் உறிஞ்சி, காற்றை வெளியே தள்ளி, வாயை அடைத்துவிட்டுப் பிஸ்டனைப் பின்னால் இழுத்தால் உள்ளே அழுத்தம் குறைந்து, அடுப்பில்லாமல் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. (கையில் துணி சுற்றிக்கொண்டு நானேதான் செய்தேன், பிள்ளைகளிடம் கொடுக்கவில்லை.) பிஸ்டனை விட்டதும் குமிழிகள் போன இடம் தெரியவில்லை, ஓரத்தில் பொடியாக ஒன்று மட்டும் மிச்சம். "காத்தா இருந்தா அப்படியே நின்னிருக்கும்ல டீச்சர்" என்றான் பஞ்சர் கடைப் பையன். அந்தப் பொடிதான் தண்ணீரில் கரைந்திருந்த காற்று, மற்றதெல்லாம் நீராவி, திரும்பத் தண்ணீராகிவிட்டது.

கடைசி நாள் வீட்டுப்பாடம்: அடுப்பு அணைந்த பிறகு "காலி" சிலிண்டருக்குள் எவ்வளவு கேஸ் இருக்கும்? உள்ளழுத்தம் வெளிக்காற்றோடு சமமாகிவிட்டால் அதற்குமேல் வெளியே வர வழியில்லை. 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர், வெப்பநிலை 27 டிகிரி என்று வைத்து பிவி = என்ஆர்டி போட்டார்கள். முழுக்க புரொப்பேன் என்றால் 60 கிராம், முழுக்க பியூட்டேன் என்றால் 80 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நம் சிலிண்டரில் இரண்டும் கலந்துதான் இருக்கும், 70 என்று வைத்துக்கொண்டோம்.

மறுநாள் சிரிஞ்சு படம் வரைந்த பெண் சொன்னாள், "எங்கம்மா கேட்டாங்க டீச்சர், ஒவ்வொரு தடவையும் அந்த 70 கிராமத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் புது சிலிண்டர் வாங்குறோமா, அதுக்குக் காசு கழிப்பாங்களான்னு."