பூட்டோவை வளர்த்தது யார்?

நேற்று இரவு நண்பனோடு நீண்ட வாதம். பாகிஸ்தானை ஆண்ட சுல்பிகர் அலி பூட்டோ ராணுவம் வளர்த்த பிள்ளை என்கிறான். சரி, 1958இல் ராணுவச் சட்டம் வந்த கையோடு 30 வயதில் மந்திரியானவர்தான். ஆனால் 1967இல் லாகூரில் கட்சி தொடங்கி, ‘ரொட்டி, துணி, வீடு’ என்று ஊர் ஊராகப் போனபோது திரண்ட கூட்டம் பட்டாளம் அனுப்பியதல்ல.

எனக்கு ஆறாதது 1970 தேர்தல்தான். 300 பொதுத் தொகுதிகளில் கிழக்கு பாகிஸ்தான் தலைவர் முஜிபுர் ரஹ்மான் கட்சிக்கு 160, பூட்டோ கட்சிக்கு 81. முஜிப் பிரதமராகியிருக்க வேண்டும். டாக்காவில் கூடவிருந்த தேசிய அவைக்கு வரமாட்டேன் என்றார் பூட்டோ. அப்போதைய ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் கூட்டத்தையே தள்ளிவைத்தார். அப்புறம் எத்தனை உயிர்கள்!

கிழக்கு பாகிஸ்தான் வங்கதேசமாகக் கைவிட்டுப் போய் நாலே நாளில், 1971 டிசம்பர் 20 அன்று, அதிபர் பதவியோடு ராணுவ ஆட்சியை நடத்தும் தலைமை ராணுவச் சட்ட நிர்வாகி பதவியையும் பூட்டோ ஏற்றார். ஓட்டு வாங்கி வந்த மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.