டாரோ பள்ளத்தாக்கில் போர்சினி தேடி

பார்மாவிலிருந்து லா ஸ்பெசியா செல்லும் ரயிலில் போர்கோ வால் டி டாரோவில் இறங்கினேன். வட இத்தாலியின் அபென்னைன் மலையடிவார ஊர். இங்கு விளையும் போர்சினி காளானுக்கு 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு உண்டு. விளைகிறது என்கிறேனே தவிர, யாரும் விதைப்பதில்லை. செஸ்ட்நட், பீச், ஓக் மரங்களின் வேர்களோடு ஒட்டி வாழ்வதால் இதைத் தோட்டத்தில் வளர்க்க வழியில்லை; காட்டுக்குள் போய்த்தான் பறிக்க வேண்டும். அதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 கிலோதான், அதுவும் காற்றோட்டமுள்ள கூடையில். பிளாஸ்டிக் பைக்குச் சட்டம் இடம் தருவதில்லை.

வழிகாட்டியாக வந்த மூதாட்டி காளானின் குடையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. “முதலில் அடியைப் பாருங்கள்” என்பார். செவுள் போன்ற மடிப்புகள் இருந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுவார். போர்சினி சேர்ந்த பொலீட் வகைக் காளான்களுக்கு மடிப்பு கிடையாது. ஊசி குத்தியதைப் போல நெருக்கமான நுண்துளைகள்தாம். போர்சினியில் அவை இளசாக இருக்கும்போது வெள்ளை, பிறகு மஞ்சள், முற்றினால் பாசிப்பச்சை. அடுத்து தண்டு. கண்ணுக்கு அருகே பிடித்தால் மேற்பகுதியில் மெல்லிய வெள்ளை வலைப்பின்னல் தெரிகிறது.

அதே பருமனில், அதே பழுப்புக் குடையோடு இன்னொன்று கிடைத்தது. வலை மட்டும் கரும்பழுப்பு, துளைகளில் லேசான இளஞ்சிவப்பு. மூதாட்டி சொன்னபடி ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன். வேப்பங்கொழுந்து தோற்றுவிடும்! கசப்பு பொலீட். ஒன்று விழுந்தாலும் சட்டி முழுவதும் பாழ்.

பிறகு சிவப்புத் துளைகள் கொண்ட ஒன்று. கத்தி பட்டதும் மஞ்சள் சதை கண்ணெதிரே மை நீலமானது. வெட்டினால் நீலமாகும் காளான் விஷம் என்று பலரும் நம்புகிறார்கள். காளானிலுள்ள ஒருவகை அமிலம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நிறம் அது, அவ்வளவுதான். இந்த வகையை நன்றாக வேகவைத்து உண்கிறார்கள். பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கலக்கும். சுண்ணாம்பு மண் காடுகளில் வரும் சாத்தான் பொலீட்தான் உண்மையான வில்லன்: வெளிறிய குடை, சிவந்த துளைகள், பருத்த தண்டு, தின்றவரைக் கடும் வாந்தியில் தள்ளும். அதன் சதையோ மெதுவாக, மங்கலாகவே நீலமாகும். எச்சரிக்க வேண்டிய இடத்தில் முணுமுணுப்போடு நின்றுவிடும் இந்த ‘நீலமானால் விஷம்’ விதியை நம்பி எப்படிச் சாப்பிடுவது?

சந்தேகத்துக்குரியவற்றை மூதாட்டி தனியாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டார். பொதுச் சுகாதாரத் துறையின் காளான் பரிசோதகர்கள் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். மற்றவை மாலையில் பூண்டு, பார்ஸ்லியோடு ஆலிவ் எண்ணெயில் வதங்கின. முற்றியவற்றின் பச்சைத் துளைப் பகுதியை மட்டும் அவர் விரலால் உரித்து எறிந்தார், வாணலியில் கொழகொழத்துவிடுமாம்.